நட்டம் யார் தலையில்?

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, களுவாஞ்சிக்குடி தொட்டு எழுவான்கரை எங்கணும் தென்னைகளையும் குடிசைகளையும் ஒருங்கே சாய்த்தது. காற்றுக்குப் போடியார் என்றும் முல்லைக்காரன் என்றும் பேதம் இருக்கவில்லை. ஆயின் காற்று ஓய்ந்தபின் பேதம் தலைகாட்டியது. காணியும் கையிருப்பும் உடையவன் மீண்டும் எழுந்தான். கூலியை நம்பியவன் கடன்பட்டான். அனர்த்தத்தை விளைவிப்பது இயற்கை. அதன் நட்டத்தைப் பங்கிடுவது சமுதாயம்.

இவ்வுண்மையை மறைப்பதற்கே, 2020ஆம் ஆண்டில் விமானத் தொழிலாளர் வேலையிழந்தமை குறித்து, ‘எல்லாம் கொரோனாவின் வினை’ என்னும் வாதம் இன்றுவரை ஓதப்பட்டு வருகின்றது.

நட்டம் பொய்யன்று. 2020இல் உலகின் விமானப் பயணம் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீழ்ந்தது. நிறுவனங்களின் மொத்த நட்டம் 13,700 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது. பறவாத விமானத்தின் பணியாளருக்கு எங்ஙனம் ஊதியம் அளிப்பது என முதலாளிகள் வினவினர். வினா நியாயமானதாகவே தோன்றும். ஆயின் அவ்விமானத்தின் உடைமையாளரைக் காக்கப் பொதுப்பணம் எங்ஙனம் கிடைத்தது என்ற வினாவை அவர்கள் எழுப்பவில்லை.

ஜேர்மனியின் லுப்தான்சாவைக் காக்க 900 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. டுபாய் அரசு 2020–21 நிதியாண்டில் எமிரேட்ஸ் நிறுவனத்திற்கு 310 கோடி டொலர் வழங்கியது. அதே ஆண்டில் எமிரேட்ஸ் குழுமத்தின் ஆளணி 31 வீதம் குறைந்தது. நிறுவனம் பிழைத்தது, தொழிலாளி வெளியேறினான்.

அமெரிக்க அரசோ 2020 மார்ச்சில், பயணிகள் விமான நிறுவனங்களின் ஊதியச் செலவுக்கென 2,500 கோடி டொலரை ஒதுக்கியபோது, செப்டெம்பர் 30 வரை ஆட்குறைப்புச் செய்யலாகாது என நிபந்தனை விதித்தது. அதுவரை வேலைகள் நிலைத்தன. நிபந்தனை முடிந்த மறுநாளே இரு பெரு நிறுவனங்கள் ஏறத்தாழ 32,000 பேரை ஊதியமின்றி வீட்டுக்கு அனுப்பின. நோய்க்கிருமி நாட்காட்டி பார்த்து வேலை நீக்குவதில்லை. நிருவாகமே நீக்குகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ், பெருந்தொற்று நட்டத்தைக் காட்டி ஏறத்தாழ 1,700 தரைப்பணியாளரின் வேலையை வெளி ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தது. அது சட்டவிரோதம் என்ற தீர்ப்பை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023 செப்டெம்பர் 13இல் உறுதிசெய்தது. 2025இல் 9 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டமும் விதிக்கப்பட்டது. அங்கு வழக்காடத் தொழிற்சங்கம் இருந்தது.

களுவாஞ்சிக்குடிக்கு இதனால் ஆவதென்ன என வினவுவோர் உளர். வாவியின் இரு கரை ஊர்களிலிருந்தும் வளைகுடா சென்றோர் பலர். அந்நாடுகளின் விமான நிலையங்களில் பொதி சுமப்போரும் துப்புரவு செய்வோரும் பெரும்பாலும் தென்னாசியரே. அங்கு தொழிற்சங்க உரிமை அரிது. வேலை தந்தவனே வதிவுரிமைக்கும் பொறுப்பாளி. ஆகவே, வேலை போயின் தங்கும் உரிமையும் போய்விடும். 2020 மார்ச் 19 முதல் இலங்கையோ வருகைப் பயணிகளுக்குத் தன் விமான நிலையங்களை மூடியது. அனுப்பிய பணத்தை ஆண்டுதோறும் எண்ணி மகிழ்ந்த நாடு, பணம் அனுப்பியவர்களை மாதக்கணக்கில் காக்கவைத்தது.

ஆட்குறைப்பால் தொழில் தானும் உய்ந்ததா? அதுவும் இல்லை. 2022 கோடையில் பயணிகள் திரும்பியபோது பொதி ஏற்ற ஆளில்லை. இலண்டன் ஹீத்ரோ, நாளொன்றுக்கு 1,00,000 பயணிகளுக்கு மேல் புறப்படலாகாது என வரையறுக்க நேர்ந்தது. செலவு எனத் தள்ளப்பட்ட கைகளே அத்தொழிலின் மூலதனம் என்பது அன்று புலனாயிற்று.

மீண்டும் ஒரு பெருந்தொற்று வாராது என எவரும் உறுதி கூறார். ஆகவே பொதுப்பணம் பெறும் நிறுவனம் தன் தொழிலாளரைக் காக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். ஆள் அனுப்பும் இலங்கை, வேலையிழப்புக் கால ஊதியத்தையும் நாடு திரும்பும் செலவையும் ஆள் பெறும் நாடுகளுடனான உடன்படிக்கைகளில் எழுதுவித்தல் வேண்டும். இவை பிச்சையல்ல, உரிமை. விளைச்சலில் பங்கு கேட்டால் ‘நீ கூலிக்காரன்’ என்பதும், வெள்ளம் வந்தால் ‘நட்டத்தில் நீயும் பங்காளி’ என்பதும் வயலிலும் அநீதி, வானிலும் அநீதியே.