வகுப்பறைக்கு வந்த வேதாகமம்

1513இல் மார்ட்டின் லூதர் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் சங்கீதப் புத்தகத்தைப் பாடம் நடத்தத் தொடங்கினார். அதற்காக ஊர் அச்சகத்தில் சொல்லி, லத்தீன் சங்கீதங்களை வரிக்கு வரி இடைவெளி விட்டு, ஓரங்களைத் தாராளமாக வைத்து, மாணவர்களுக்கென்றே அச்சடிக்க வைத்தார். வரிகளுக்கு நடுவே அருஞ்சொற்பொருள், ஓரத்தில் விரிவுரை. லூதர் தம் கையாலேயே பொடி எழுத்தில் எழுதி நிரப்பிய பிரதி இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த ஓரங்களில் அவர் எழுதியது பெரும்பாலும் இடைக்காலம் சொல்லிக்கொடுத்த நால்வகைப் பொருள்தான்: நேர்ப்பொருள், உருவகப் பொருள், ஒழுக்கப் பொருள், மறுமைப் பொருள். சீர்திருத்தக்காரர் முதல் நாளே பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டார் என்று நினைப்பவர்கள் அந்தப் பிரதியைப் பார்க்க வேண்டும்.

வேதாகமத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது பற்றி ஒரு சுலபமான கதை புழக்கத்தில் உண்டு. ஒரு பக்கம் விசுவாசம், இன்னொரு பக்கம் ஆராய்ச்சி, இரண்டுக்கும் ஜென்மப் பகை. பழைய புத்தகங்களைப் புரட்டினால் இந்தக் கதை நிற்காது. ஆராய்ச்சிக் கருவிகளில் பலவற்றைச் செய்துகொடுத்தவர்கள் விசுவாசிகளே.

பதினைந்தாம் லூயி மன்னரின் மருத்துவர்களில் ஒருவரான ஜான் அஸ்த்ரூக்கை எடுத்துக்கொள்வோம். வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களை மோசே எழுதியிருக்க முடியாது என்று தத்துவஞானி ஸ்பினோசா 1670இலேயே வாதாடியிருந்தார். மோசேயின் பக்கம் நின்று பதில் சொல்லத்தான் அஸ்த்ரூக் 1753இல் தம் பெயரைப் போடாமல் ஒரு நூலை வெளியிட்டார். ஆதியாகமத்தின் 6ஆம் அதிகாரத்தில் பேழைக்குள் ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடி என்று நோவாவுக்குக் கட்டளை. 7ஆம் அதிகாரம் தொடங்கியதுமே சுத்தமான மிருகங்களில் ஏழேழு என்று வருகிறது. ஓரிடத்தில் மழை 40 நாள், இன்னோரிடத்தில் வெள்ளம் 150 நாள். கடவுளைச் சுட்டும் பெயரும் இடத்துக்கு இடம் மாறுகிறது. மோசே தம் கைக்குக் கிடைத்த பழைய ஏடுகளைத் தொகுத்தார், அதனால்தான் இந்த இரட்டிப்பு என்றார் மருத்துவர். வசனங்களைப் பிரித்துத் தனித்தனிப் பத்திகளாக அடுக்கியும் காட்டினார். மோசேயைக் காக்க அவர் வகுத்த இந்த முறைதான், அடுத்த நூற்றாண்டில் மோசேயை ஆசிரியர் இடத்திலிருந்தே இறக்கியது.

ஹாலே நகரத்தின் கதையும் இப்படித்தான். 1694இல் திறந்த ஹாலே பல்கலைக்கழகம் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் பக்தி இயக்கத்தின் கோட்டை. அந்த இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான பிராங்கே அங்கே 1702இல் கீழைமொழிகளுக்கென ஒரு கல்விக்கூடம் வைத்தார். வேதத்தை மூலமொழியில் பிழையறப் படிக்க வேண்டும் என்ற பக்திதான் காரணம். அந்த ஹாலேயில் படித்து 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தவர் சீகன்பால்கு. அவர் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதி அனுப்பிய நூலை ஹாலே அச்சிடவில்லை. 1867இல் சென்னையில்தான் அது வெளிவந்தது. ஒரு வேதத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கப் பழக்கிய ஊருக்கு, அடுத்தவர் சமயத்தை வாசிக்க மனம் வரவில்லை. அதே ஹாலேயில் 1771இல் இறையியல் பேராசிரியர் செம்லர், வேதப் புத்தகங்களின் பட்டியலே காலப்போக்கில் மனிதர்களால் உருவானது, அதை ஆராய எவருக்கும் உரிமை உண்டு என்று எழுதத் தொடங்கினார். பக்தர்கள் நட்ட மரத்தில் அப்படியொரு காய்.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது 1882ஆம் ஆண்டின் ஒரு ராஜினாமாவை. கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியராக இருந்த யூலியுஸ் வெல்ஹவுசன், ஆசாரியச் சட்டங்கள் மோசே காலத்தவை அல்ல, பாபிலோன் சிறையிருப்பை ஒட்டியும் அதற்குப் பின்னும் எழுதப்பட்டவை என்று 1878இல் வாதாடி ஐரோப்பாவையே பேச வைத்தவர். அவரை யாரும் வெளியேற்றவில்லை. அவராகவே அமைச்சருக்கு எழுதினார்: வேதத்தை அறிவியல்முறையில் ஆராயும் ஆசையால் இந்தத் துறைக்கு வந்தேன், மாணவர்களைச் சபை ஊழியத்துக்குத் தயாரிப்பதும் என் வேலை என்பது போகப் போகத்தான் உறைத்தது, எவ்வளவு அடக்கி வாசித்தாலும் நான் அவர்களை அந்த ஊழியத்துக்குத் தகுதியற்றவர்களாக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அதன் சாரம். முழுப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு, ஹாலேயில் கீழைமொழிகள் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பதவிக்குப் போனார். வகுப்பில் ஒன்றும் பிரசங்கத்தில் வேறொன்றும் சொல்லிக் காலம் தள்ளுகிற வழி அவருக்கும் திறந்தே இருந்தது.

ஆனால் நேர்மையாளரின் கண்ணுக்கும் தன் காலம் தெரிவதில்லை. சட்டங்கள் பிற்காலத்தவை என்பது ஆராய்ச்சி முடிவு. அதை இன்றும் விவாதிக்கிறார்கள். தீர்க்கதரிசிகளிடம் இருந்த உயிர் சட்டம் வந்ததும் வற்றிப்போனது என்று அவர் தரம் பிரித்தது ஆராய்ச்சி அல்ல, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் புராட்டஸ்டன்ட் ரசனை. 1903இல் நியூயார்க்கில் பேசிய யூத அறிஞர் சாலமன் ஷெக்டர், ‘உயர்விமர்சனம்’ என்று அன்று பெயர் பெற்றிருந்த இந்த வேத ஆராய்ச்சி உயர்ரக யூத வெறுப்பு என்று போட்டு உடைத்தார். அன்று அது மிகையாகத் தோன்றியிருக்கலாம்.

1939இல் ஐசனாக்கில் ஜெர்மன் சபை வாழ்வில் யூதத் தாக்கத்தை ஒழிப்பதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் திறந்தார்கள். அதன் ஆய்வுப் பணியை நடத்தியவர் வால்டர் கிரண்ட்மன், யேனா பல்கலைக்கழகப் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். கிரேக்கம் தெரிந்தவர், முறைகளைக் கரைத்துக் குடித்தவர். இயேசு யூதரே அல்லர் என்று நிறுவ அந்தப் படிப்பையெல்லாம் செலவழித்தார். 1940இல் அந்த நிறுவனம் யூத வாசனை நீக்கிய ஒரு புதிய ஏற்பாட்டையும் வெளியிட்டது. போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் கிரண்ட்மன் எழுதிய நற்செய்தி விளக்கவுரைகளைப் போதகர்கள் பல ஆண்டுகள் மேசையில் வைத்துப் பயன்படுத்தினார்கள்.

ஆராய்ச்சி முறைகளை மட்டும் கற்றவருக்கு, தம் காலத்து வாசிப்பே கடைசி வாசிப்பு என்ற நினைப்பு வந்துவிடுகிறது. தமக்கு முன்னால் அதே கருவிகளோடு வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதை வரலாறுதான் சொல்லும். ஆகவே பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெல்ஹவுசனைப் பாடமாக வைக்கிற அதே பருவத்தில் ஷெக்டரையும் வையுங்கள், கிரண்ட்மனை விட்டுவிடாதீர்கள். வேதத்தை யார் எப்படி வாசித்தார்கள் என்ற விளக்க வரலாற்றை விருப்பப் பாடமாக ஒதுக்காமல், முறைகளுக்குக் கொடுக்கிற அதே மதிப்பெண்ணோடு கட்டாயமாக்குங்கள்.