வர வேண்டிய பணமும் தர வேண்டிய பணமும்

மறைமலை நகர் ஆலையில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. மறு வருடம் ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். ஆனால் இதுபோன்ற பெரிய ஆலைகளை நம்பி அக்கம்பக்கத்தில் லேத் பட்டறையும் வேன் சர்வீஸும் மெஸ்ஸும் நடத்துகிறவர்களின் கதி?

செங்கல்பட்டுப் பக்கம் 12 பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுத்த கம்பெனி ஆறு மாதப் பில்லைத் தரவில்லை. பட்டறையை மூடத்தான் வேண்டும். "எனக்கே பணம் வரலை, இவங்களுக்கு எங்கேயிருந்து கொடுப்பேன்?" என்கிறார் முதலாளி. நியாயமான புலம்பல்தான். ஆனால் சட்டம் அதைக் காதில் வாங்காது.

ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ், அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. முதலாளியின் கைமீறிய காரணத்தால் மூடினால் இழப்பீடு அதிகபட்சம் மூன்று மாதச் சம்பளம்தான் என்று ஒரு சலுகை உண்டு. பலரும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் நஷ்டமும் விற்காத சரக்கும் கைமீறிய காரணம் ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் விதி மாறவில்லை.

பத்துப் பேருக்குமேல் இருப்பதால் பணிக்கொடையும் உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக 15,600 ரூபாய் வாங்கும் ஒருவர் பத்து வருடம் உழைத்திருந்தால் பணிக்கொடை 90,000. இழப்பீடு 78,000. நோட்டீஸ் சம்பளம் 15,600. மொத்தம் 1,83,600 ரூபாய், ஒரே ஒருவருக்கு! பதிவேட்டில் ஒன்பது பேரை மட்டும் எழுதித் தப்பிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஒருமுறை பத்தைத் தொட்டுவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் பணிக்கொடைக் கடமை போகாது.

இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? வீட்டு நகையைத் தேடுவதற்கு முன், வராத அந்தப் பில்லைத் தேடலாம். குறு, சிறு தொழில்களிடம் வாங்கியதற்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் வருடச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். சிறுதொழில் வசதிக் கவுன்சிலில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக நினைக்கும் கம்பெனி, தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

இதற்கெல்லாம் 'உத்யம்' பதிவு வேண்டும். சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு உதவாது என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021ல் சொல்லிவிட்டது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிவு மனைவி பெயரிலும் பில் கணவர் பெயரிலும் இருந்தால் அதுவும் வம்புதான். இரண்டையும் எடுத்து ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரக்கு இறக்கியபோது கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான்களையும் சேர்த்து.