கலைவாணர் தொடரில் கிந்தனார் எங்கே?

ஆரணித் தறிக்குழியில் பகலெல்லாம் பட்டு நெய்யும் உழைப்பாளர்க்கு மாலைத் தொலைக்காட்சியே ஓய்வு. கலைவாணர் என்.எசு. கிருட்டிணனார் வாழ்வைத் தொடராக எடுக்க முனைவோர் அவர்களை எண்ணி எடுத்தல் வேண்டும்.

1908-இல் ஒழுகினசேரியில் பிறந்த அவர், இலக்குமிகாந்தன் கொலைவழக்கில் 1944-இல் தளைப்பட்டு, 1947-இல் விடுதலையுற்றார். இக்கண்ணீரையே ஓராண்டு இழுக்கத் தொடரெடுப்போர்க்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை!

1949-இல் வந்த ‘நல்லதம்பி’யில் அவர் படைத்த கிந்தனாரையன்றோ காட்டல் வேண்டும்? நந்தனார் தில்லைக்கு ஏங்கினார். கிந்தனாரோ பள்ளிக்கு ஏங்கினார். ஒடுக்கப்பட்ட சிறுவன் கற்று உயர்ந்ததைக் கதைப்பொழிவாக்கி, சாதிச் செருக்கைச் சிரித்தே நாணவைத்தார் கலைவாணர். அப்பகுதியை எவர்க்கும் அஞ்சி வெட்டற்க. நெசவாளர் பிள்ளைகள் அதனை நற்றமிழிலேயே கேட்கட்டும். ‘காமெடி’ என்னும் சொல்லும் ஆங்கு வாரற்க.