சிவப்பு விளக்கு எரிகிறதா? காரை நிறுத்துங்கள்!

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பார்க்க, குடும்பம் குடும்பமாகக் காரில் போகிறார்கள். அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை திறக்கப்பட்டது. இரு பக்கமும் கடல்!

வழியில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால், "ராமேசுவரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கே அந்த விளக்கு. அழுத்தம் இல்லாவிட்டால் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. உலோகத்தோடு உலோகம் உரசி, சில நிமிடங்களில் என்ஜின் இறுகிவிடும்.

ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்க வேண்டும். தானாக நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சற்று ஆறியதும் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்கலாம். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்ததா? பம்பு கெட்டிருக்கலாம், சல்லடை அடைத்திருக்கலாம். விளக்கின் சுவிட்ச் மட்டும் கெட்டிருந்தால் நல்ல காலம்! எதுவென்று மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை காரைக் கட்டி இழுத்துப் போவதே மலிவு.