வாய் பொத்துவது யாருக்காக?

கைகட்டி, வாய்பொத்தி நின்றான் என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. பண்ணையார் முன்னால் கூலியாளும், எஜமானர் முன்னால் வேலைக்காரனும் நின்ற நிலை அது. எளியவன் மூச்சுக்காற்று பெரியவர் மீது படலாகாது என்பது அதன் உட்கருத்து. இதே மும்பைத் தெருக்களில் வெறுங்காலுடன் நடந்து செல்லும் ஜைனத் துறவிகளில் ஸ்தானகவாசி, தேராபந்திப் பிரிவினர் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருப்பதையும் பார்க்கிறோம். காற்றிலுள்ள சிற்றுயிருக்கும் தங்கள் மூச்சால் தீங்கு வரக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. முன்னது பயம், பின்னது கருணை. கொரோனா காலத்தில் நாம் கட்டிக்கொண்ட துணி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது?

நியாயப்படி பார்த்தால் அது கருணையின் பக்கம் சேர வேண்டியது. சாதாரணத் துணி மாஸ்க் அணிந்தவரைக் காப்பதைவிட, அவர் வாயிலிருந்து தெறிக்கும் துளிகள் பிறர் மீது படாமல் தடுப்பதற்கே அதிகம் பயன்படுவது. ஆனால் நாம் அதற்கு 'முகக்கவசம்' என்று பெயர் வைத்தோம். கவசம் என்றால் கர்ணன் காலம் முதல் தன்னைக் காத்துக்கொள்வதற்குத்தானே! ஆகவே, 'எனக்கு ஒன்றும் வராது' என்று நம்பியவர் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டார்.

மும்பையில் 2020 ஏப்ரலில் மாஸ்க் கட்டாயமாயிற்று. பின்னர் அணியாதவரிடம் மாநகராட்சி 200 ரூபாய் அபராதம் வசூலித்தது. 2021 ஏப்ரலில் ரயில்வேயும் 500 ரூபாய் வரை அபராதம் என்று அறிவித்தது. பலர் மார்ஷல் தலையைக் கண்டால் மாட்டினார்கள். அவர் நகர்ந்ததும் கழற்றினார்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நான் கண்ட வேடிக்கை இன்னொன்று. வரிசையில் பேசாமல் நிற்கும்வரை மாஸ்க் மூக்கின் மேல் இருக்கும். ஊர் பெயரைச் சொல்லும்போது கீழே இறங்கிவிடும். அவசியமான நேரத்தில்தான் அது இல்லை.

இதைக்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. அந்நாட்களில் பல ஹவுசிங் சொசைட்டிகளில் வீட்டு வேலைக்கு வந்த பெண் மாஸ்க் இன்றி வாசலைத் தாண்ட முடியவில்லை. கதவைத் திறந்த வீட்டுக்காரருக்கோ மாஸ்க் இருக்கவில்லை. வாட்ச்மேன் அணிய வேண்டியிருந்தது. அவரை அதட்டியவர் அணிய வேண்டியிருக்கவில்லை. அலுவலகங்களிலும் மேஜைக்கு இப்பால் நின்றவருக்கே மாஸ்க் கட்டாயமாக இருந்தது. தாராவியிலும் கோலிவாடாவிலுமிருந்து வேலைக்குப் போன நம்மவர் பலருக்கு இது தெரிந்த கதை. நோய் எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்பது விஞ்ஞானம். கீழிருந்துதான் வரும் என்பது பழைய வாய்பொத்தும் புத்தி.

அந்தஸ்தைப் பார்த்துக் கிருமி வழிவிடுவதில்லை. 1910-11ல் மஞ்சூரியாவில் நிமோனியா பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென்-தே, பஞ்சும் காஸ் துணியும் சேர்த்த மாஸ்க்கை அணியுமாறு வற்புறுத்தினார். வூவைவிட வயதில் மூத்த பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. மாஸ்க் இன்றியே நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில் அதே பிளேக்குக்குப் பலியானார்.

மகாராஷ்டிரத்தில் 2022 ஏப்ரலில் கட்டாயம் நீங்கியது. இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். உலகிலேயே காசநோயாளிகள் அதிகமுள்ள நாடு நம்முடையது. மூச்சு விட இடமில்லாத லோக்கல் ரயிலில் இருமுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் மாஸ்க் அணிந்து ஏறினால் பக்கத்திலிருப்பவர் முகம் சுளித்து நகர்கிறார். உண்மையில் நன்றி கூற வேண்டியது அவருக்குத்தான். முகம் சுளித்தால், அடுத்த நாள் அவர் மாஸ்க் இல்லாமல்தான் வருவார்.

இருமலும் சளியும் உள்ள நாளில், கூட்டத்தில் போவோர் வாயை மூடிக்கொள்வது மரியாதை என்ற வழக்கம் நம்மிடையே வர வேண்டும். அதை அதிகாரிகளும் வீட்டு எஜமானர்களும் முதலில் தொடங்கட்டும். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காக வாய்பொத்தும் நாளில்தான் அந்தத் துணிக்குக் கருணை என்ற பெயர் பொருந்தும்.