ஆளில்லாத ஆசனம்

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூஸியத்தில் புரூஸ்டர் கம்பெனியாரின் சாரட்டு வண்டிச் சித்திரங்கள் இருக்கின்றன. 1923-ல் நன்கொடையாக வந்தவை. வாடிக்கைக்காரருக்காக வரைந்தது கலையாகுமா என்று முகம் சுளிக்கும் பண்டிதர்களோடு எனக்கு ஒத்துவராது. கூலிக்கு எழுதுகிறவன்தானே நானும்! அந்த நீர்வர்ணத்தில் ஆரக்கால்களும் வில்லின் தகடுகளும் கணக்குப் பிசகாமல் நிற்கின்றன. தச்சன் மரத்தை அறுக்குமுன் அதே உருவைக் கரும்பலகையில் முழு அளவில் வரைந்தாக வேண்டும். எந்த ஓவியனுக்கு இந்த நிர்ப்பந்தம்?

என் சண்டை வேறு. பெரும்பாலான படங்களில் குதிரை இல்லை, சேறு இல்லை, ஆளும் இல்லை. 1838-ல் பிறந்த புரூஹாம் வண்டியையே பாருங்கள்: எஜமானருக்கு மூடிய அறை, கண்ணாடிக் கதவு, மெத்தை, கோச்சுவானுக்கு வெளியே திறந்த ஆசனம். மழையில் நனையப் போகிறவனை விட்டுவிட்டு, அவன் ஆசனத்தை மட்டும் எத்தனை நேர்த்தியாகத் தீட்டியிருக்கிறார்கள்!