மூணே நாள்ல லே... யாருக்காக இந்த வீரம்?

மே மாசம் வந்தா போதும், தில்லியில இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஜுரம் வந்துடும். முன்னெல்லாம் அந்த ஜுரத்துக்குப் பேரு ஜி.டி. எக்ஸ்பிரஸ், இல்லேன்னா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஸ்கூல் மூடின மறுநாளே புளியோதரை கட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்பிடுவாங்க. இப்போ அதுக்குப் பேரு லடாக். மூணு குடும்பம், ரெண்டு கார், நாலு டெண்ட், ஒரு வாட்ஸப் குரூப். சாணக்யபுரி நேரு பார்க்குல சாயந்திரம் நடக்கப் போனா, நடக்கறதை விட்டுட்டு நாலு பேர் மொபைல்ல மேப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க.

ஊர் சுத்தறதை நான் குறை சொல்லலை. சிநேகிதங்களோட கார்ல போய், டெண்ட் அடிச்சு, கண்ட இடத்துல சமைச்சு சாப்பிடற சுகம் எனக்கும் பிடிக்கும். என் சண்டை அந்தப் பிளானோட. இந்த வருஷம் என் கைக்கு வந்த பிளானைப் பாருங்க.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி தில்லியிலேர்ந்து கிளம்பறது. சனிக்கிழமை மத்தியானம் மணாலி. ஞாயித்துக்கிழமை காலையில டிபன் முடிச்சுக் கிளம்பி, சாயந்திரம் சர்ச்சுவுல டெண்ட், கேம்ப் ஃபயர், அந்தாக்ஷரி. திங்கக்கிழமை ராத்திரி லே. போறவங்க பட்டியல்ல ஆறு வயசுப் பொண்ணு ஒண்ணு, கும்பகோணத்துலேர்ந்து பேரப் பசங்களைப் பார்க்க வந்திருக்கற தாத்தா பாட்டி. தாத்தாவுக்கு பி.பி., பாட்டிக்கு சுகர். "அவங்களும் ஒரு தடவை பார்த்துடட்டுமே சார்"ங்கறாரு பிளான் போட்டவரு.

இந்த ஆசைக்கு விதை எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டா, ஆஸ்திரேலியாவுல இருக்கற சிநேகிதங்க அனுப்பின போட்டோவாம். அவங்க நாலு குடும்பமா அவுட்பேக்ல செம்மண் ரோட்டுல போய், உலுரு பாறைக்குப் பக்கத்துல டெண்ட் போட்டு, நட்சத்திரம் பார்த்தாங்களாம். "நம்ம ஊர் அவுட்பேக் லடாக்தானே சார்?"

ஆளே இல்லாத வெட்ட வெளி, மணிக்கணக்கா ஓட்டினாலும் ஒரு டீக்கடை வராத ரோடு, ராத்திரி ஆகாசம்... அதெல்லாம் ஒண்ணுதான். ஆனா ஆஸ்திரேலியாக் கண்டத்துலயே உசரமான சிகரம் கோசியஸ்கோ, 2,228 மீட்டர். நம்ம ஊட்டி டவுன் 2,240 மீட்டர். அதாவது ஆஸ்திரேலியாவோட உச்சந்தலை நம்ம ஊட்டி மார்க்கெட்டுக்குக் கீழே! உலுரு பாறையோட உச்சி 863 மீட்டர்தான். அவங்களுக்கு அங்கே ஆபத்து தண்ணி தீர்றது, வழி தப்பறது, இருட்டற நேரத்துல கங்காரு குறுக்கே பாயறது. ராத்திரி எங்கே படுத்தாலும் மூச்சு மூச்சாத்தான் இருக்கும். அந்த ஊர் பிளானை அப்படியே பெயர்த்து எடுத்து வந்து மணாலி-லே ரோட்டுல நட்டா எப்படிங்க?

உசரம்னா நமக்குத் தெரிஞ்சது கொடைக்கானல், ஊட்டி, மிஞ்சிப் போனா தொட்டபெட்டா. அது 2,637 மீட்டர். சர்ச்சு கிட்டத்தட்ட 4,290 மீட்டர். தொட்டபெட்டா தலை மேல ஏற்காட்டைத் தூக்கி வெச்சாக்கூட சர்ச்சுவைத் தொடாது. அந்த உசரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல சுமார் 60 சதவீதம். ஒவ்வொரு மூச்சுலயும் உள்ளே போற ஆக்ஸிஜனும் அந்தக் கணக்குதான். உடம்பு இதுக்குப் பழகும், பழகாம இல்லை. ஆனா நாள் கேக்கும். மலை மருத்துவம் தெரிஞ்சவங்க சொல்ற கணக்கு ரொம்ப எளிசு. 3,000 மீட்டரைத் தாண்டிட்டா, இன்னைக்குத் தூங்கற இடம் நேத்துத் தூங்கின இடத்தை விட 500 மீட்டருக்கு மேல உசரக் கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரே இடத்துல தங்கிடணும். பகல்ல எவ்வளவு உசரம் ஏறி இறங்கறோம்ங்கறதை விட ராத்திரி எங்கே படுக்கறோம்ங்கறதுதான் முக்கியம்.

இப்போ நம்ம பிளானைப் பாருங்க. மணாலி 2,050 மீட்டர். மறுநாள் படுக்கை 4,290-ல. ஒரே நாள்ல 2,200 மீட்டருக்கு மேல! சிபில் ஸ்கோர் பார்க்காம, சம்பளச் சீட்டு கேக்காம, ஒரே கையெழுத்துல ஒரு கோடி லோன் கொடுக்கற மாதிரி. எங்க பாங்க்ல ஒருத்தர் அப்படிச் செஞ்சா மறுநாளே மெமோ வந்துடும்.

முன்னே ரோத்தாங் கணவாய் (3,978 மீட்டர்) இருந்த வரைக்கும் அந்த மலையே ஒரு பிரேக் போட்டுச்சு. ஏறி, டிராஃபிக்ல மாட்டி, சேறு தாண்டி இறங்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். வேற வழியில்லாம கேலாங்குலயோ ஜிஸ்பாவுலயோ, 3,100-3,200 மீட்டர்ல ஒரு ராத்திரி படுப்பாங்க. 2020 அக்டோபர் 3-ஆம் தேதி 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைத் திறந்தாங்க. தூரம் 46 கிலோமீட்டர் குறைஞ்சுது. லாஹுல் ஜனங்களுக்கு அது பெரிய வரம். பனிக் காலத்துல அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக முடியாம மாசக்கணக்கா அடைஞ்சு கிடந்தவங்க அவங்க. ஆனா நம்ம மாதிரி டூர் போறவங்களுக்கு அது வேற மாதிரி வேலை செஞ்சுது. பத்து நிமிஷத்துல மலைக்கு அந்தப் பக்கம் வந்துடறோம், "இன்னும் வெளிச்சம் இருக்கே, சர்ச்சு வரைக்கும் போயிடலாம்"னு ஸ்டீயரிங்கை அழுத்தறோம். ரோடு சுருங்கிடுச்சு. நம்ம நுரையீரலுக்கு எவனும் சுரங்கம் தோண்டலை.

சர்ச்சுவுல இன்னொரு விஷயம் இருக்கு. இதை டெண்ட் வாடகைக்கு விடறவங்க யாரும் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. மலை நோய்க்கு நிஜமான வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான்: கீழே இறங்கறது. சர்ச்சுவுலேர்ந்து கீழே இறங்க முடியாது! அது ரெண்டு கணவாய்க்கு நடுவுல, சட்டிக்கு அடியில இருக்கற மாதிரி இருக்கு. மணாலி பக்கம் திரும்பணும்னா முதல்ல பாரலாச்சா லா, கிட்டத்தட்ட 4,890 மீட்டர் ஏறித்தான் இறங்கணும். லே பக்கம் போகணும்னா காட்டா லூப்ஸோட 21 கொண்டை ஊசி வளைவு, நக்கீ லா, அப்புறம் 5,000 மீட்டரைத் தாண்டற லாச்சுங் லா. அதுக்கப்புறம் வர்ற பாங் கூட 4,600 மீட்டர். மூச்சு முட்டற ஆளை இன்னும் மேலே ஏத்தித்தான் கீழே கொண்டு வர முடியும். அதுவும் ராத்திரியில, பனிக்கரைசல் தண்ணி ரோட்டுல ஓடற இடத்துல.

எங்களுக்குத் தெரிஞ்ச மூணு குடும்பம் அந்த மாதிரிதான் ஒரு ஜூலையில போனாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஏழு வயசுப் பையன் வாந்தி. பக்கத்து டெண்ட்ல அவன் பாட்டி. சாயந்திரத்துலேர்ந்தே தலை வெடிக்குதாம், "எல்லாரும் சந்தோஷமா பாடிக்கிட்டிருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு பேசாம இருந்துட்டேன்"னு சொன்னாங்களாம். கார் ஓட்டினவருக்கே தலைசுத்தல், அவரும் சொல்லலை. ராத்திரியில பாரலாச்சா ஏற ஒருத்தரும் தயாரில்லை. விடியற வரைக்கும் காருக்குள்ள ஹீட்டரைப் போட்டுப் போட்டு நிறுத்தி உக்காந்திருந்தாங்க. விடிஞ்சதும் ஒரு கார் கேலாங் திரும்பிச்சு. இறங்க இறங்கப் பையன் பசிக்குதுன்னான். இன்னொரு கார்ல இருந்த ரெண்டு குடும்பம் "ஹோட்டலுக்கு அட்வான்ஸ் கட்டியாச்சே"ன்னு லேவுக்குப் போயிட்டாங்க. எல்லாரும் நல்லபடியா வீடு வந்து சேர்ந்தாங்க, ஆண்டவன் புண்ணியம். ஆனா அந்த மூணு வீட்டுலயும் இப்போ நவராத்திரிக்கு வெத்தலை பாக்கு வாங்கிக்கக் கூட ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறதில்லை.

கோஷ்டியாப் போறதுல இருக்கற பெரிய ஆபத்தே இதுதான்னு நான் சொல்றேன். தனியாப் போனா தலை வலிச்சா நிறுத்திடுவோம். கோஷ்டியில யார் முதல்ல வாயைத் திறக்கறது? நம்ம வீட்டுப் பொம்பளைங்களும் பெரியவங்களும் பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னே வளர்ந்தவங்க. அவங்க பொறுமையை நம்பி ஒரு பிளான் போடறது வீரமா? சின்னக் குழந்தைக்குத் தலைவலின்னு சொல்லக்கூடத் தெரியாது. சாப்பிட மாட்டேங்கும், நைநைன்னு அழும். நாம "கார்ல உக்காந்து உக்காந்து சலிச்சுப் போச்சு பாவம்"னு டேப்லெட்டைக் கையில கொடுப்போம்.

இதைச் சொன்னா நாலு பதில் ரெடியா வெச்சிருக்காங்க. "கற்பூரம் எடுத்துட்டுப் போறோம்." பூஜை ரூம் கற்பூரத்தைத் துணியில முடிஞ்சு மோந்துக்கிட்டே போனா மூக்கு விடும், மனசு தெம்பா இருக்கும், அவ்வளவுதான், காத்துல இல்லாத ஆக்ஸிஜன் கற்பூரத்துலேர்ந்து வராது. "ஆக்ஸிஜன் கேன் இருக்கு." கொசு மருந்து டப்பா சைஸ்ல விக்கறாங்களே, அது சில நிமிஷத்துக்குத்தான். ராத்திரி பத்து மணி நேரம். "டயாமாக்ஸ் போட்டுக்கறோம்." அது உடம்பு பழகறதை வேகப்படுத்தற மருந்து, நல்ல மருந்துதான். ஆனா டாக்டரைக் கேட்டு, ஏறறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். சல்ஃபா ஒத்துக்காதவங்க கேக்காம தொடவே கூடாது. அதைப் போட்டுக்கிட்டா 2,200 மீட்டர் தாவலாம்னு எந்த டாக்டரும் சொல்லலை. (குளிருக்கு ஒரு பெக் போட்டா சரியாயிடும்ங்கற கோஷ்டிக்கு: மது மூச்சை மட்டுப்படுத்தும், தூக்க மாத்திரையும் அப்படியே. அங்கே இருக்கறதே பாதி மூச்சு.)

நாலாவது பதில்தான் எனக்குக் கோபம் வர்ற பதில். "ராணுவக்காரங்க போறாங்களே சார்?"

போறாங்க. எப்படிப் போறாங்கன்னு தெரியுமா? நம்ம ராணுவத்துல 9,000 அடியிலேர்ந்து 12,000 அடி வரைக்கும் முதல் கட்டம், ஆறு நாள். அந்த ஆறுல முதல் ரெண்டு நாள் வெறும் ஓய்வு. 12,000-லேர்ந்து 15,000 அடிக்கு இன்னும் நாலு நாள். அதுக்கு மேலே இன்னொரு நாலு நாள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல 22 வயசுல கல்லு மாதிரி இருக்கற பையனுக்கு இந்தக் கணக்கு. சும்மா வந்ததில்லை இது. 1962 போர்ல சமவெளியிலேர்ந்து அவசர அவசரமா மேலே ஏத்தின வீரர்கள் குண்டு படாமலேயே நுரையீரல்ல நீர் கோத்துச் செத்திருக்காங்க. இன்தர் சிங் தலைமையில ராணுவ டாக்டர்கள் மலை நோய் வந்த 1,925 வீரர்களைப் பார்த்து 1969-ல எழுதின கட்டுரையை இன்னைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டறாங்க. அந்தப் பசங்க உசிரைக் கொடுத்துக் கத்துக்கொடுத்த பாடம். அதை எடுத்து நம்ம 68 வயசு தாத்தாவுக்கு ஒரே ஒரு ராத்திரி மணாலின்னு மாத்தி எழுதறோம்.

சரி, அப்போ போகவே கூடாதா? தாராளமாப் போங்க. ஸ்ரீநகர் வழியாப் போங்க. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குள்ள, கார்கில் 2,676, லே 3,500. நடுவுல சோஜி லா, ஃபோட்டு லா எல்லாம் பகல்ல ஏறி இறங்கிடற கணவாய்தான், படுக்கை படிப்படியா உசரும். லே வந்ததும் முழுசா ரெண்டு நாள் சும்மா கிடங்க. மறுநாளே பாங்கோங் ஏரிக்கு ஓடாதீங்க, அது 4,200-க்கு மேல. ஒரு வாரம் பழகினப்புறம் திரும்பும்போது மணாலி வழியா வந்து சர்ச்சுவுல டெண்ட் போடுங்க. அதே டெண்ட், அதே நட்சத்திரம், உடம்பு மட்டும் வேற. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் அந்த வழின்னா வீட்டுல யோசிக்கறாங்க, நியாயம்தான். அவங்க விமானத்துல லேவுக்கே போய் ரெண்டு மூணு நாள் படுத்துக் கிடக்கலாம். நேரா 3,500-ல இறங்கறதும் தாவல்தான், ஆனா பக்கத்துல ஊர் இருக்கு, எஸ்.என்.எம். ஆஸ்பத்திரி இருக்கு. பி.பி., சுகர் இருக்கற பெரியவங்க எந்த வழின்னாலும் தன்னோட டாக்டரைக் கேட்டுட்டுத்தான்.

"பத்து நாள் லீவுக்கு எங்கே சார் போறது?" இந்தக் கேள்வியை பாங்க்காரன் கிட்ட கேக்கறீங்களே :-) எல்.எஃப்.சி.யை வெச்சுக்கிட்டு நாலு வருஷம் தூங்கறவங்களை எனக்குத் தெரியும். நிஜமாவே அஞ்சு நாள்தான் கிடைக்கும்னா லேவை விட்டுடுங்க. அந்த போர்டுக்கு முன்னால போட்டோ எடுக்கத்தானே இந்த ஓட்டம்? கர்துங் லா போர்டுல பல வருஷம் 18,380 அடின்னு எழுதி வெச்சிருந்தாங்க. அளந்தவங்க கணக்குல சுமார் 17,580 அடிதான். அந்த 800 அடி கணக்குப் பிழைக்காக எத்தனை பேர் மூச்சு வாங்கி நின்னாங்களோ!

அஞ்சு நாளுக்கு லாஹுல் போதும். மணாலியில ரெண்டு ராத்திரி, சுரங்கத்தைத் தாண்டி ஜிஸ்பாவுல ரெண்டு ராத்திரி. பாகா ஆத்தங்கரை, 3,200 மீட்டர், சாயந்திரக் காத்துக்கு டெண்ட் துணி படபடன்னு அடிக்கும். யாருக்காவது தலை வலிச்சா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல மணாலி, வழியில ஏறவே வேண்டாம். எங்க கோஷ்டி ஜூன்ல அங்கேதான் போறோம். கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு ஏற்பாடு பேசி வெச்சிருக்கோம்: தினம் ராத்திரி சாப்பிடறப்போ பெரியவங்கள்லேர்ந்து குழந்தைங்க வரைக்கும் ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கேப்போம், தலை வலிக்குதா, பசிக்குதா, தூக்கம் வந்துதான்னு. யாராவது ஒருத்தர் ஆமாம்னா மறுநாள் எல்லா காரும் நிக்கும், இல்லேன்னா எல்லா காரும் திரும்பும். அட்வான்ஸ் போனா மூணு வீடும் பங்கு போட்டுக்கும்.

எங்க கிட்ட ஆறு பேர் படுக்கற டெண்ட் ரெண்டு இருக்கு. ஜூலையில சும்மாத்தான் கிடக்கும். வேணுங்கறவங்க பார்க்குல பார்க்கறப்போ கேளுங்க. சர்ச்சுவுக்குன்னா, எந்த வழியா போறீங்கன்னு கேட்டுட்டுத்தான் கொடுப்பேன்.